சின்ன விமானமும் பெரிய விமானமும் ஒரே வானத்தில்: கண்ணை எவ்வளவு நம்பலாம்?

மேகதூரன்

எல்லாருக்கும் வணக்கம். சான் டியாகோவில், மான்ட்கொமரி ஃபீல்டு என்ற சின்ன விமான நிலையத்தில், நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தனியாகப் பறந்து இறங்குகிற கட்டம் முடிந்தது. அடுத்தது வெளியூர்ப் பயணங்கள்.

சமீபத்தில் தரைப்பாடத்தில் பிஎஸ்ஏ நிறுவனத்தின் 182-ஆம் பயண விமானம் விபத்துக்குள்ளானது பற்றி வந்தது. 1978 செப்டம்பர் 25, காலை ஒன்பது மணி. சான் டியாகோவின் பெரிய நிலையமான லின்ட்பெர்க் ஃபீல்டில் இறங்க வந்துகொண்டிருந்த போயிங் 727 ஒரு செஸ்னா 172 மீது மோதி, நார்த் பார்க் குடியிருப்பில் விழுந்தது. பெரிய விமானத்தில் 135 பேர், செஸ்னாவில் 2 பேர், தரையில் 7 பேர். மொத்தம் 144 உயிர். அந்தச் செஸ்னா கிளம்பியது நான் கற்றுக்கொள்கிற இதே மான்ட்கொமரியிலிருந்துதான்.

என்னை உறுத்துவது இதுதான்: அன்று வானம் தெளிவு. இரண்டு விமானமும் கட்டுப்பாட்டாளர்களுடன் பேசிக்கொண்டிருந்தன. முன்னால் செஸ்னா இருக்கிறது என்று 727-க்குச் சொன்னார்கள், அவர்களும் பார்த்துவிட்டோம் என்றார்கள். அப்புறமும் மோதியது. என் பயிற்சியாளர் மூச்சுக்கு மூச்சு "வெளியே பார், வெளியே பார்" என்கிறார். பார்க்கிறேன். ஆனால் அதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்? பெரிய விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் தெரிகிறோமா?

இன்னொன்று. பயிற்சியாளருடன் கமரில்லோ வரை போகத் திட்டம். வழியில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம் குறுக்கே நிற்கிறது. சுற்றிப் போவதா, மேலே தாண்டுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_பயணி

நான் விமானி இல்லை, டிக்கெட் வாங்கி உட்காருகிறவன். கேட்கிறேன், கோபிக்காதீர்கள். 2025 ஜூலை 25 அன்று பர்பேங்கிலிருந்து லாஸ் வேகாஸ் கிளம்பிய சவுத்வெஸ்ட் 737, ஹண்டர் என்ற ஒரு பழைய போர் ஜெட்டிடமிருந்து தப்பிக்கத் திடீரென்று கீழே இறங்கியது. விமானப் பணியாளர்கள் இரண்டு பேருக்கு அடி. பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் பறக்கிறவர்களைப் பெரிய நிலையங்களின் பக்கமே விடாமல் இருந்தால் என்ன? நூற்றைம்பது பேர் உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

குருவி172

சும்மா_பயணி, உங்கள் பயம் நியாயம், தீர்வுதான் சரியில்லை. உங்களை ஓட்டிக்கொண்டு போகிற கேப்டனில் பாதிப் பேர் இந்த மாதிரி சின்ன விமானத்தில் ஆரம்பித்தவர்கள். அதோடு, தெற்குக் கலிபோர்னியாவில் "பெரிய நிலையத்தின் பக்கம்" என்று ஒரு கோடு போட்டால் மிச்சம் இருப்பது பாலைவனமும் கடலும்தான்.

விடாமல் இருப்பது வேறு, எங்கே விடுவது என்று வகுப்பது வேறு. இரண்டாவதை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ போன்ற நிலையங்களைச் சுற்றி கிளாஸ் பி என்று ஒரு வான்வெளி. தலைகீழாக வைத்த அடுக்குக் கேக் மாதிரி: நிலையத்தின் மேல் தரை வரைக்கும் இருக்கும், தள்ளிப் போகப் போக அதன் அடித்தளம் உயர்ந்துகொண்டே போகும். கட்டுப்பாட்டாளர் வாய்திறந்து அனுமதி தராமல் உள்ளே நுழையக் கூடாது. "உங்களைத் திரையில் பார்க்கிறேன்" என்று அவர் சொன்னால்கூட அது அனுமதி ஆகாது. இறங்குகிற ஜெட்டுகளை அந்த அடுக்குக்குள்ளேயே வைத்திருப்பார்கள். நாங்கள் அடியில் போவோம்.

1978-இல் சான் டியாகோவுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் வந்தது.

ரேடார்கண்

கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவன். மேகதூரன் தம்பி கேட்டதற்கு வருகிறேன். பிஎஸ்ஏ 182-ஐ "பார்க்கத் தவறிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிப் போய்விடுகிறார்கள். நடந்தது அதைவிடச் சிக்கல்.

செஸ்னாவில் இருந்தவர்கள் லின்ட்பெர்க்கில் கருவி வழி இறங்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கற்றுக்கொள்கிறவர் வெளியே தெரியாதபடி முகத்திரை போட்டிருப்பார், பக்கத்தில் பயிற்சியாளர் வெளியே கவனிப்பார். ஒரு சுற்று முடித்து வடகிழக்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். 070 பாகைத் திசையில் (ஏறத்தாழ கிழக்கு), 3,500 அடிக்கு மேல் போகாமல் இருங்கள் என்று அவர்களுக்கு உத்தரவு. சற்று நேரத்தில் 090 பக்கம், அதாவது நேர் கிழக்கே, திரும்பினார்கள், யாரிடமும் சொல்லவில்லை. அதனால் 727 போகிற அதே திசைக்கு வந்துவிட்டார்கள்.

727 விமானிகள் செஸ்னாவைப் பார்த்தோம் என்றதும் கட்டுப்பாட்டாளர் "கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார். பிறகு 727, ஓடுதளத்தைக் கவனிக்கும் டவரின் அலைவரிசைக்குப் போனது. செஸ்னா, நிலையத்தைச் சுற்றி வருபவர்களை ரேடாரில் வழிநடத்தும் அப்ரோச்சிடமே இருந்தது. அதாவது ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. இந்த இடத்தைக் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு 727-இல் செஸ்னா கண்ணிலிருந்து மறைந்தது. காக்பிட் ஒலிப்பதிவில் அது இருக்கிறது. செஸ்னாவைத் தாண்டிவிட்டோமா என்று துணை விமானி கேட்கிறார். தாண்டியிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். அப்படித்தான் நினைக்கிறேன் என்கிறார் கேப்டன். சும்மா கூட உட்கார்ந்து வந்த இன்னொரு விமானி, அப்படித்தான் நம்புவோம் என்கிறார். நாலு பேர் பேசியும் யாருக்கும் நிச்சயம் இல்லை. டவரிடம் "அவர் வலப்பக்கமாகப் போய்விட்டார் என்று நினைக்கிறேன்" என்கிற தொனியில்தான் சொன்னார்கள். "கண்ணில் இல்லை" என்று சொல்லவில்லை. டவரில் இருந்தவர் அதை, செஸ்னா இன்னமும் அவர்கள் பார்வையில் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

மோதுவதற்கு 19 நொடி முன்பு அப்ரோச் அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. விமானி பார்த்துவிட்டார் என்று சொல்லியாயிற்று, அந்த மணி அடிக்கடி வீணாக அடிப்பதும் வழக்கம், அதனால் யாரும் பதறவில்லை. செஸ்னாவுக்குக் கடைசியாகப் போன செய்தி என்ன தெரியுமா? பக்கத்தில் ஒரு பிஎஸ்ஏ ஜெட் இறங்குகிறது, அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பது.

விசாரணை வாரியம் முதன்மைக் காரணமாக விமானிகளைச் சொன்னது: பார்வையிலிருந்து விட்டதை அறிவிக்கவில்லை என்று. ரேடாரால் பிரித்து வைக்க வசதி இருந்தும் கண்ணிடம் விட்ட நடைமுறையைத் துணைக் காரணமாகப் போட்டது. வாரிய உறுப்பினர் பிரான்சிஸ் மக்ஆடம்ஸ் அதை ஏற்கவில்லை. அந்த நடைமுறையும் முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார். என்னைக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம். என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை

ரேடார்கண் சார் சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். அங்கே 727 பின்னாலிருந்தும் மேலிருந்தும் செஸ்னாவின் மேல் இறங்கியது. செஸ்னாவுக்கு இறக்கை மேலே. பின்னாலும் மேலேயும் இருப்பது அதில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 727 விமானிகளுக்கோ அது கண்ணாடியின் அடி விளிம்பில், வீடுகளும் தெருக்களும் நிறைந்த பின்னணியில், கிட்டத்தட்ட நகராமல் இருந்திருக்கும். கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒரு பக்கத்துக்கு வாய்ப்பே இல்லை, இன்னொரு பக்கத்துக்கு அரை வாய்ப்பு.

இப்போது எண். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ பல வருடமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கண்ணில் பட்டது முதல் விமானம் உண்மையில் திரும்புவது வரை 12.5 நொடி. பார்ப்பதற்கு 0.1, அது விமானம் என்று புரிய 1, மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5, எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவெடுக்க 4, கை அசைய 0.4, விமானம் கேட்க 2. பாருங்கள், இதில் 9 நொடி மண்டைக்குள்ளேயே போகிறது.

ஜெட் 250 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), செஸ்னா 110 நாட், நேருக்கு நேர். கூட்டினால் 360. நொடிக்கு 185 மீட்டர். 12.5 நொடிக்கு 2.3 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் செஸ்னாவின் 11 மீட்டர் இறக்கை, முழு நிலவின் குறுக்களவில் பாதி அளவுக்குத்தான் தெரியும். அதுவும் தடிமன் இல்லாத ஒரு கீறலாக. அந்தத் தூரத்திலாவது பார்த்தாக வேண்டும், அதற்குப் பிறகு பார்த்தால் நேரம் போதாது.

இதைவிட மோசமான சங்கதி ஒன்று இருக்கிறது. மோதப் போகிற விமானம் கண்ணாடியில் இடம் மாறாது. இடது பக்கம் நகர்ந்தாலோ வலது பக்கம் நகர்ந்தாலோ அது உங்களைத் தாண்டிப் போய்விடும் என்று அர்த்தம். அசையாமல் ஒரே புள்ளியில் நின்று, கடைசிச் சில நொடியில் திடீரென்று பெரிதாகிறதே, அதுதான் ஆபத்து. நம் கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கறை என்று நினைத்து விட்டுவிடச் சாத்தியம் அதிகம்.

மேகதூரன்

கணக்குப்பிள்ளை அண்ணா, இதைப் படித்த பிறகு வெளியே பார்ப்பதே வீண் என்று தோன்றுகிறது!

கணக்குப்பிள்ளை

வீண் இல்லை தம்பி. முறையாகப் பார்க்க வேண்டும். கண்ணை ஓடவிட்டால் எதுவும் பதியாது. பத்து பாகை அகலத்துக்கு ஒரு துண்டு, அதில் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்து, அடுத்த துண்டுக்குப் போ. கதவுத் தூணும் இறக்கையும் மறைக்கிற இடத்துக்குத் தலையை நகர்த்திப் பார். திரும்புவதற்கு முன் அந்தப் பக்க இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார். யாரிடமாவது "ஒரு மணித் திசையில், மூன்று மைலில்" என்று (நேர் முன்னால் இருப்பதைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துச் சொல்வது) கேட்டுத் தேடினால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். எங்கே தேடுவது என்று தெரியாமல் தேடுவதுதான் கஷ்டம்.

வலதுசீட்

ஏர்பஸ் 320-இல் துணை விமானி. பெரிய விமானத்திலிருந்து தெரிகிறதா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் தெரியாது. ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. பத்தாயிரம் அடிக்குக் கீழே இறங்கும்போது ஃபிளாப், வேகம், செக்லிஸ்ட், ரேடியோ என்று இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. வெளியே பார்ப்போம், ஆனால் உங்கள் வெள்ளைச் செஸ்னாவை வெள்ளைப் பனிமூட்டத்தில் தேடுவது லேசான காரியமில்லை.

எங்களுக்கு உங்களைக் காட்டுவது டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி. உங்கள் டிரான்ஸ்பாண்டரை, அதாவது ரேடியோ கேள்விக்குத் தானே பதில் அனுப்பும் கருவியை, கேள்வி கேட்டு, வரும் பதிலை வைத்துத் தூரமும் உயரமும் கணக்கிடும். திரையில் வெறும் வைரக்கட்டம் என்றால் யாரோ எங்கேயோ இருக்கிறார். கட்டம் நிறைந்தால் பக்கத்தில் வந்துவிட்டார். மஞ்சள் வட்டமாகி "ட்ராஃபிக், ட்ராஃபிக்" என்று கத்தினால் மோத இன்னும் 20 முதல் 48 நொடி என்று கணக்கு; எந்த உயரம் என்பதைப் பொறுத்து இது மாறும். சிவப்புச் சதுரமானால் "க்ளைம்ப்" அல்லது "டிசென்ட்" என்று உத்தரவே வரும். உடனே ஆட்டோபைலட்டைக் கழற்றி, ஐந்து நொடிக்குள் கையால் செய்ய வேண்டும். கட்டுப்பாட்டாளர் எதிர்மாறாகச் சொன்னாலும் டிகாஸ் சொல்வதுதான். 2002-இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே ஒரு விமானம் டிகாஸைக் கேட்டது, இன்னொன்று கட்டுப்பாட்டாளரைக் கேட்டது. 71 பேர் இறந்தார்கள்.

சின்ன விமானத்தில் பறக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டர் அணைந்திருந்தால் எங்கள் திரையில் நீங்கள் இல்லவே இல்லை. டிரான்ஸ்பாண்டர் இருந்து உயரம் அனுப்பவில்லை என்றால் எச்சரிக்கை வரும், மேலே போ கீழே போ என்ற உத்தரவு வராது. அது கணக்குப் போட உயரம் வேண்டுமே.

சும்மா_பயணி

அப்படியானால் எல்லா விமானத்திலும் இந்த டிகாஸை மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே. இத்தனை பேச்சு எதற்கு?

வலதுசீட்

தீராது. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் உத்தரவு தராது, தடுத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தாழ்வில் "இறங்கு" என்று சொன்னால் தரையில் போய் முட்ட வேண்டியதுதான்.

2025 ஜனவரி 29 ராத்திரி வாஷிங்டன் ரீகன் நிலையத்தில் நடந்தது அந்த உயரத்தில்தான். சிஆர்ஜே 700 பயணி விமானம் 33-ஆம் ஓடுதளத்துக்குத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றின் மேல் ராணுவ பிளாக்ஹாக் ஹெலிகாப்டர். சிஆர்ஜேயில் "ட்ராஃபிக்" என்ற எச்சரிக்கை மோதலுக்கு சுமார் 20 நொடி முன்பு வந்தது. அதற்கு மேல் டிகாஸ் எதுவும் சொல்லாது. 67 பேர்.

ரேடார்கண்

வாஷிங்டனைச் சொன்னதால் தொடர்கிறேன். 1978-க்கும் அதற்கும் நடுவில் 46 வருடத்துக்கு மேல், இருந்தும் ஆணிவேர் ஒன்றுதான். ஹெலிகாப்டரிடம் அந்த ஜெட் தெரிகிறதா என்று கேட்டார்கள், தெரிகிறது, நாங்களே விலகிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. பொறுப்பு கண்ணுக்குப் போய்விட்டது. அதுவும் இருட்டில், நகர விளக்குகளுக்கு நடுவே. ஜெட்டின் பின்னால் போ என்று டவர் சொன்னதில் ஒரு பகுதி, ஹெலிகாப்டரில் அதே நேரம் மைக் அழுத்தப்பட்டதால் அவர்களுக்குக் கேட்காமல் போனது.

அன்று அந்த ஹெலிகாப்டர் பாதைக்கு உச்ச உயரம் 200 அடியாக இருந்தது. மோதலின்போது அது கிட்டத்தட்ட 280 அடியில் இருந்தது. சரி, 80 அடி கூடப் பறந்தார்கள், தவறு. ஆனால் 200 அடியிலேயே பறந்திருந்தாலும், 33-ஆம் ஓடுதளத்துக்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் சில இடத்தில் 75 அடிதான் இடைவெளி இருந்திருக்கும் என்று விசாரணை வாரியம் கண்டது. 75 அடி! உயரமானியின் பிழைக்கே அது போதாது. அதே வாரியம் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்கும் 400 அடிக்கும் உள்ளே நெருங்கிய நிகழ்வு 15,214 இருந்தது. எண் கையிலேயே இருந்திருக்கிறது. எடுத்துப் பார்க்க ஆள் இல்லை.

சும்மா_பயணி

இது ராணுவ ஹெலிகாப்டர். சின்ன விமானக்காரர்கள் இதில் ஒளிந்துகொள்ள முடியாது. அவர்கள் தப்பால் நடந்ததே இல்லையா?

ரேடார்கண்

ஏன் இல்லை? 1986 ஆகஸ்ட் 31, செரிடோஸ். லாஸ் ஏஞ்சலஸில் இறங்க வந்த ஏரோமெக்சிகோ டிசி-9. டாரன்ஸிலிருந்து பிக் பேர் ஊருக்குக் கிளம்பிய பைப்பர் ஆர்ச்சர், அனுமதி இல்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. டிரான்ஸ்பாண்டர் இருந்தது, உயரம் அனுப்பும் வசதி இல்லை. திரையில் புள்ளியாகத் தெரிந்திருந்தாலும் அது அடியில் போகிறதா, உள்ளே வந்துவிட்டதா என்று கட்டுப்பாட்டாளரால் கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்கு அவர் அந்த நேரத்தில் அனுமதியில்லாமல் நுழைந்த வேறொரு சின்ன விமானத்துடன் பேசிக்கொண்டிருந்தார். சுமார் 6,500 அடி உயரத்தில் பைப்பர் டிசி-9-இன் வாலில் மோதியது. விமானங்களில் 67 பேர், வீடுகளில் இருந்த 15 பேர்.

பட்டப்பகல், நல்ல வெளிச்சம். இரண்டு விமானிகளும் கடைசி நொடியில் விலக முயன்றதற்கே தடயம் இல்லை.

அதன் விளைவுகளைத்தான் இன்று அனுபவிக்கிறோம். பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் ஏறக்குறைய யார் பறந்தாலும் உயரம் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம். 30-க்கு மேல் இருக்கை உள்ள பயணி விமானங்களில் டிகாஸ் கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் அதே பகுதிகளில் ஏடிஎஸ்-பி அவுட்டும் கட்டாயம். விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பிக்கொண்டே போகும்.

நெய்வேலி_மைந்தன்

நம் நாட்டில் 1996-இல் சர்க்கி தாத்ரியில் இதுதானே நடந்தது? 349 பேர்.

வலதுசீட்

அது இரண்டுமே பெரிய விமானம்: சவூதியா 747, கஜகஸ்தான் இல்யூஷின் 76. ஆனால் நீங்கள் இழுத்தது சரியான நூல்தான். 15,000 அடியில் நிற்க வேண்டிய இல்யூஷின் அதற்குக் கீழே இறங்கி, 14,000-இல் இருந்த 747-இன் பாதைக்கு வந்தது. அன்று டெல்லி ரேடாரில் உயரம் தெரியாது. செரிடோஸில் சின்ன விமானம் தராத தகவல், இங்கே ரேடாரே காட்டாத தகவல். அதற்குப் பிறகு இந்தியாவிலும் டிகாஸ் கட்டாயமானது.

குருவி172

எனக்கு ஒரு முரண்பாடு. ரேடார்கண் சார் கண்ணால் விலகுவதே கூடாது என்கிற மாதிரி எழுதுகிறார். அதை அடியோடு நிறுத்தினால் பாதி நிலையங்களில் வரிசை ஸ்தம்பித்துவிடும். நல்ல வெயிலில், ஒரே அலைவரிசையில், முன்னால் போகிற விமானத்தைப் பின்தொடர்வது நன்றாகவே வேலை செய்கிறது. தினமும் செய்கிறோம்.

ரேடார்கண்

நிறுத்தச் சொல்லவில்லை தம்பி. எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் என் சண்டை. பின்தொடர்கிறவன் முன்னால் போகிறவனைப் பார்த்துக்கொண்டே போவது ஒன்று. குறுக்கே கடக்கிறவனையும், மேலிருந்து இறங்குகிறவனையும், அதுவும் வேறு அலைவரிசையில் இருப்பவனையும் கண்ணிடம் விடுவது வேறு. பிஎஸ்ஏ இரண்டாம் வகை. வாஷிங்டனும் இரண்டாம் வகை.

இன்னொன்று. "ட்ராஃபிக் இன் சைட்", அதாவது அந்த விமானம் தெரிகிறது, என்று சொல்லும் அந்த நிமிடத்தில் என் பொறுப்பு உன் தலைக்கு வந்துவிடுகிறது. பல மாணவர்கள் அதை மரியாதைக்குச் சொல்லும் பதில் போலச் சொல்கிறார்கள். ஒரு புள்ளி தெரிந்தால் போதும், "தெரிகிறது" என்பார்கள். அது நான் சொன்ன விமானம்தானா? பிஎஸ்ஏ விஷயத்திலேயே, விமானிகள் பார்த்தது வேறொரு சின்ன விமானமாக இருக்கலாமோ என்ற கேள்வி எழுந்தது. தெரியாவிட்டால் "நெகட்டிவ் காண்டாக்ட்" என்று சொல். தெரிந்து மறைந்தால் அதைவிடச் சத்தமாகச் சொல். கட்டுப்பாட்டாளர் எரிந்து விழமாட்டார். விழுந்தாலும் விழட்டும், இரண்டு பேரையும் பிரித்து வைப்பதற்கு அவருக்குச் சம்பளம் தருகிறார்கள்.

மேகதூரன்

இது எனக்குப் பெரிய விஷயம் சார். நானும் "தெரிகிறது" என்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சரி, லாஸ் ஏஞ்சலஸை எப்படித் தாண்டுவது? மேலேயே போகலாம் என்கிறார் பயிற்சியாளர். வரைபடத்தைப் பார்த்தால் நிலையத்தின் நட்ட நடுவில் கோடு போகிறது! உலகத்திலேயே பரபரப்பான நிலையங்களில் ஒன்றின் தலைமேல் ஒரு 172-ஆ?

குருவி172

அதுதான் அந்த இடத்தின் அழகே. நான் டாரன்ஸ் பக்கம். அந்த வழியைப் பல தடவை போயிருக்கிறேன்.

யோசித்துப் பார். ஜெட் மூன்று பாகை சரிவில் இறங்குகிறது. கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி. அப்படியானால் 3,500 அடியில் இருக்கிற ஜெட் ஓடுதளத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும்? சுமார் 11 மைல் கிழக்கே. அந்த இடத்தில், அந்த உயரத்தில் குறுக்கே போனால் நீ நேராக அவர்கள் வரிசைக்குள் நிற்கிறாய். அதே 3,500 அடியில் ஓடுதளங்களின் நடுவுக்கு மேலே வந்தால்? இறங்குகிறவன் தரையில் உருண்டுகொண்டிருக்கிறான், ஏறுகிறவன் உனக்கு வெகு கீழே கடலைப் பார்த்து ஓடுகிறான். உன் உயரத்தில் ஒருவரும் இல்லை. விமான நிலையத்துக்கு மிக அருகில், ஆனால் விமானங்களுக்கு மிகத் தொலைவில்.

அதைத்தான் சிறப்பு விதிப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். சான்டா மோனிகாவில் உள்ள விஓஆர் என்ற ரேடியோ வழிகாட்டி நிலையத்திலிருந்து 132 பாகையில் போகும் கோட்டை, அதாவது 132 ரேடியலை, பிடித்து அப்படியே போக வேண்டும். தென்கிழக்கே போகிறவர் 3,500, வடமேற்கே போகிறவர் 4,500. நீ சான் டியாகோவிலிருந்து வருவதால் 4,500. வேகம் 140 நாட்டுக்கு மேல் கூடாது, 172-க்கு அந்தக் கவலையே வேண்டாம். நிலை விளக்கும் மோதல் தடுப்பு விளக்கும் எரிய வேண்டும், இறங்கு விளக்கையும் போடச் சொல்கிறார்கள். டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற எண்ணைப் போட வேண்டும். கட்டுப்பாட்டாளர் அனுமதி தேவையில்லை, பேசவும் மாட்டாய். அந்தப் பாதைக்கென்று உள்ள அலைவரிசையில் நீயே இருக்கும் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சரியான டெர்மினல் வரைபடம் (பெரிய நிலையத்தைச் சுற்றிய வான்வெளியைக் காட்டுவது), அதுவும் காலாவதி ஆகாதது, விமானத்தில் இருக்க வேண்டும்.

இதில் எதிரே வருகிறவர் உன்னைப் போலவே ஒரு 172. உனக்கு ஆயிரம் அடி கீழே. ஜெட்டைவிட அவரைத்தான் கவனிக்க வேண்டும். தெற்கேயிருந்து நெருங்கும்போதே 4,500-க்கு வந்து நிலையாகிவிடு. பாதைக்குள் நுழைந்த பிறகு ஏறிக்கொண்டிருக்காதே.

முதல் தடவை கீழே வரிசை வரிசையாக ஜெட்டுகள் தரையில் உருண்டு போவதைப் பார்க்கும்போது வாய் தானாகப் பிளந்துகொள்ளும். பயிற்சியாளர் ரசிக்கட்டும், நீ ரேடியலைப் பார்.

வலதுசீட்

அருமையான விளக்கம். எங்கள் பக்கத்திலிருந்து சில வேண்டுகோள், மேகதூரன்.

கிளாஸ் பி அடுக்கின் அடியில் போகும்போது அதன் அடித்தளத்தை உரசிக்கொண்டு போகாதே. தளம் 5,000 என்றால் 4,900-இல் போவது சட்டப்படி சரி. ஆனால் எங்களை 5,000-இல் வைத்திருந்தால் நூறு அடியில் என்ன மிஞ்சும்? ஐநூறு அடி விட்டுப் போ. பத்தாயிரத்துக்குக் கீழே எங்களுக்கு 250 நாட் வரை அனுமதி, அடுக்கின் அடியில் வந்தால் 200. இரண்டுமே உனக்கு வேகம்தான்.

தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் கண்வழிப் பறப்புக்கு (வெளியே பார்த்து ஓட்டுவதற்கு) ஆயிரத்தோடு 500 சேர்த்த உயரம் என்பது நினைவிருக்கும். கிழக்குப் பாதியை நோக்கிப் போனால் ஒற்றைப்படை ஆயிரம், மேற்குப் பாதியை நோக்கிப் போனால் இரட்டைப்படை. நாங்கள் முழு ஆயிரத்தில் இருப்போம். இடையில் 500 அடி. போதும்தான், ஆனால் நீ நிமிடத்துக்கு ஆயிரம் அடி வேகத்தில் ஏறிக்கொண்டே எங்கள் அடியில் வந்தால், நீ நிற்கப் போவது டிகாஸுக்குத் தெரியாது. அது மோதும் என்றே கணக்குப் போடும். ஒரு தடவை எங்களுக்கு அப்படி ஒரு ஏறு உத்தரவு வந்தது, கீழே இருந்தவர் அவருடைய உயரத்தில் ஒழுங்காகத்தான் நின்றார். பின்னால் காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கை வெந்தது. கடைசி ஆயிரம் அடியை மெதுவாக ஏறு, மெதுவாக இறங்கு. எங்களுக்கும் அதே அறிவுரை உண்டு: நிமிடத்துக்கு 1,500 அடிக்குள்.

எங்கள் பின்னால், எங்களுக்குக் கீழே வராதே. இறக்கை முனைச் சுழல் கீழே இறங்கிக்கொண்டே போகும். அது தனி இழைக்கான விஷயம்.

டென்வர்_தமிழன்

இணை ஓடுதளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மே 12, இங்கே சென்டென்னியல் நிலையம். சிர்ரஸ் என்ற சின்ன விமானம் ஒன்று 17 வலது ஓடுதளத்துக்குத் திரும்பும்போது கோட்டைத் தாண்டிப் போய், 17 இடதுக்கு வந்துகொண்டிருந்த மெட்ரோலைனர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் மோதியது. இரண்டு ஓடுதளத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டாளர், தனித்தனி அலைவரிசை. மெட்ரோலைனரின் உடல் கிழிந்து திறந்துகிடந்தது, அப்படியே இறங்கியது. சிர்ரஸ் பாராசூட்டை விரித்துக்கொண்டு வயலில் உட்கார்ந்தது. மூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் யாரும் நம்பவில்லை.

மான்ட்கொமரியிலும் இணை ஓடுதளம் உண்டுதானே? கடைசித் திருப்பத்தில் கோட்டைத் தாண்டுவது அங்கே சும்மா அழகுக்குறைவு இல்லை.

மேகதூரன்

உண்டு. அதை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு கேள்வி பாக்கி. எங்கள் விமானத்தில் ஐபேடில் ஏடிஎஸ்-பி காட்டுகிறது. சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தெரிகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போனால்?

கணக்குப்பிள்ளை

வைத்துக்கொள், நல்ல கருவி. கண்ணை எங்கே திருப்புவது என்று அது சொல்லும். ஆனால் அதில் இல்லாதவர்கள் உண்டு: கிளைடர், மின்சாரமே இல்லாத பழைய விமானம், ஒலிபரப்பை அணைத்த ராணுவம். வாஷிங்டன் பிளாக்ஹாக்கும் ஏடிஎஸ்-பி அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. ஐபேடைக் குனிந்து பார்க்கும் நேரத்தை மேலே போட்ட 12.5-இல் சேர்த்துக்கொள்.

ரேடார்கண்

அதோடு, தரையை விட்டதும் தெற்குக் கலிபோர்னியாவின் ரேடார் அறையான சோகால் அப்ரோச்சைக் கூப்பிட்டு, ஃபிளைட் ஃபாலோயிங் கேள்; ரேடாரில் உன்னைத் தொடர்ந்து கவனித்துச் சொல்வார்கள். வேலை இருந்தால் தரமாட்டார்கள், இல்லாவிட்டால் தருவார்கள். உன்னோடு பேசிக்கொண்டிருந்தால் நீ என்ன செய்யப் போகிறாய் என்று அவருக்குத் தெரியும், பக்கத்தில் வருகிற ஜெட்டிடமும் சொல்லுவார். யாரிடமும் பேசாமல், கண்வழிப் பறப்புக்குப் பொதுவான 1200 எண்ணைப் போட்டுப் போகிறவர் திரையில் வெறும் புள்ளி, எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? திசையை மாற்ற வேண்டியிருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட்டு மாற்று. 070, 090 கதை நினைவிருக்கட்டும்.

சும்மா_பயணி

தடை வேண்டும் என்ற என் கருத்தை முழுசாக விடவில்லை, ஆனால் அந்த 75 அடி விஷயம் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதை வரைந்தவரும் சின்ன விமானக்காரர் இல்லையே.

மேகதூரன்

எல்லாருக்கும் நன்றி. புது டெர்மினல் வரைபடம் வாங்கியாயிற்று. 132 ரேடியலைப் பேனாவால் கோடிட்டுவிட்டேன். போகும்போது 4,500, திரும்பும்போது 3,500. சோகாலிடம் பேசிக்கொண்டு போய், பாதைக்கு முன்னால் விடைபெற்று 1201 போட வேண்டும், சரிதானே?

குருவி172

சரி. தெற்கேயே, நேரம் இருக்கும்போதே விடைபெறு. கடைசி நிமிடத்தில் கேட்டால் அவர் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், நீ பாதி வழி உள்ளே போயிருப்பாய். சான்டா மோனிகா பக்கம் வெளியே வந்ததும் 1201-ஐ மாற்று. திரும்ப சோகாலைக் கூப்பிட்டால் அவர் தரும் எண், இல்லாவிட்டால் 1200. நிறையப் பேர் மறந்துபோய் கமரில்லோ வரை 1201-இலேயே போகிறார்கள்.